குறைந்தபட்ச அகலம்

சத்தம்தான் முதலில் வந்தது. கர்ர்ரென்று நீளமாக ஒன்று, ஒரு நிறுத்தம், பிறகு குட்டையாக இரண்டு. சிகாமணி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் மத்தியானம் ஆரம்பித்துவிடும். இமைக்குள்ளேயே கிடந்து யோசித்தான். மேல் வீட்டில் எதையோ இழுக்கிறார்கள். பீரோ என்றால் உள்ளே ஹேங்கர்கள் இடித்துக்கொள்கிற சத்தமும் கூட வரும். இது வெறும் இரும்பு, கட்டில், ஒரு காலில் ரப்பர் கழன்றிருக்கிறது, அந்தக் கால்தான் கத்துகிறது. சுவரோரம் தள்ளிப் பார்க்கிறார்கள், இடிக்கிறது, திருப்பிப் பார்க்கிறார்கள், இரண்டு அங்குலம் உதைக்கிறது. எல்லா வீட்டிலும் அந்த இரண்டு அங்குலம்தான். கடையில் கட்டிலை மட்டும் அளந்துவிட்டு வந்திருப்பார்கள். காலையில் அவனும் அதைத்தானே செய்தான். சாக்கடைப் பம்ப் ஹவுஸில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து ஆறரைக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஹாலில் ஃபிரிட்ஜுக்கும் வாசற்கதவுக்கும் நடுவே டேப்பைப் பிடித்தான். ஆறடி எட்டு அங்குலம். அக்காவுக்கு ஒரு கட்டில் போட ஆறேகால் போதும், மிச்சம் ஐந்து அங்குலம் என்று மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம். மனைவி வசுமதி டிபன் டப்பாவை மூடிக்கொண்டே பார்த்தாள். "கட்டில் நுழையும், சரி. அப்புறம் வாசக்கதவை எப்படித் திறக்கிறது? நான் ஜன்னல் வழியா ஏறிக் குதிச்சு வேலைக்குப் போகவா?" கதவு உள்பக்கம் திறக்கிற கதவு. பதினாலு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவனுக்கு, அளக்கும்போது அது நினைவுக்கு வரவில்லை.

வசுமதி பொல்லாதவள் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியில் நின்று அவள் சொன்னதைத்தான் அவன் தூக்கத்திலும் உருட்டிக்கொண்டிருந்தான். "கூட்டிட்டு வாங்கன்னு நான் சொல்லணும்னு காத்திருக்காதீங்க. வேணாம்னு நான் சொல்லிடுவேன், பழி எம்மேல போயிடும்னும் காத்திருக்காதீங்க. நான் எங்க வேணா படுத்துக்குவேன். பகல்ல இருட்டு கேக்குற ஆளு நீங்கதான். உங்க அக்கா, நீங்க பேசுங்க." அக்கா, தனபாக்கியம், தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரி விடுதியில் இருபத்தேழு வருஷமாக வார்டன். இந்த மாதக் கடைசியோடு வேலை முடிகிறது, வேலையோடு சேர்த்துக் கொடுத்திருந்த அறையும் முடிகிறது. அங்கேயே ஒரு முதியோர் இல்லத்தில் ஒரே ஒரு அறை காலி. இன்று மாலை ஆறு மணிக்குள் ஃபாரம் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஒன்பது நாளைக்கு முன்னால் போனில் சொன்னாள். சொன்னவள் கேட்கவில்லை. "எனக்கென்னடா, ஒரு பாய் விரிக்கிற இடம் போதும். அது எங்க கெடச்சா என்ன," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்க்கா," என்றான். ஒன்பது நாள். யோசிக்க என்ன இருக்கிறது, ஒரு ஹால், ஒரு உள் அறை, ஒரு சமையலறை. ஒன்பது நிமிஷத்தில் யோசித்துவிடலாம்.

கண்ணைத் திறந்தான். இருட்டு. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டியிருந்தான், ஓரங்களில் டேப், டேப்பின் மேல் இன்னொரு டேப். உறையூரில் இந்தத் தெருவில் மத்தியானம் இரண்டரை மணிக்கு இத்தனை இருட்டு வேறு எந்த வீட்டிலும் இருக்காது. இந்த அறையில் ஒரே கட்டில். ராத்திரி வசுமதி தூங்குகிறாள், பகலில் அவன். தலையணையில் ஒருத்தர் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தர். இந்த இருட்டு போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தெருவில் ஒரு காதுகுத்து, நாள் முழுக்க ஸ்பீக்கர், அரை மணிகூடத் தூங்கவில்லை. அன்று ராத்திரி பம்ப் ஹவுஸில் நாற்காலியில் உட்கார்ந்தவன் எப்போது தலையைச் சாய்த்தான் என்று தெரியாது. விழித்தபோது ஊர்ச் சாக்கடை வந்து விழுகிற கிணற்றில் தண்ணீர் அபாய அளவைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு மேலே ஒரு அடி நின்றது. கறுப்பாக, அசையாமல், அவனைப் பார்த்துக்கொண்டு. இரண்டு பம்பையும் போட்டான். இறங்கியது. ஒருத்தருக்கும் தெரியாது. இன்னும் ஒரு அடி ஏறியிருந்தால் தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள்ளே பொங்கியிருக்கும், தொட்டிலுக்கு அடியில், சோற்றுப் பானைக்குப் பக்கத்தில். அன்றிலிருந்து தூக்கம் அவனுக்கு ஓய்வு இல்லை, கடமை. மாத்திரை மாதிரி. அதனால்தான் இருட்டு. அதனால்தான் ஒன்பது நாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். அதில் எத்தனை நிஜம், எத்தனை சாக்கு என்று பிரித்துப் பார்க்க அவன் துணியவில்லை.

ஹாலில் பேப்பரை விரித்து முருங்கைக்கீரையைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள் வசுமதி. ராத்திரி அடைக்கு. முகம் கழுவி, ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் குடித்து, தரையில் உட்கார்ந்து ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் லேப்டாப் என்று வைத்துக்கொண்டான். காம்பைப் பிடித்து ஒரு இழுப்பு, இலை கையோடு வரும். போன் அடித்தது. ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்து முதலாளி சுப்புராயலு. அவர் மண்டபத்துக்கு ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டிருந்தான் சிகாமணி. பம்ப் ஓடாத நேரத்தில் தானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை, பதினோரு வருஷம் ஆகிறது. "தம்பி, மண்டபம் இருக்கு, சமையக்காரர் பேரு இருக்கு, சமையக்கட்டை எங்க காணோம்?" "இருக்கு சார், உங்க போன்ல திரைக்கு வெளியில தள்ளிப் போயிருக்கு. விரலால இழுத்தா வரும்." "கல்யாணத்துக்கு வர்றவன் சமையக்கட்டை விரலால இழுத்துக்கிட்டா இருப்பான்?" "நடுப் பெட்டியில பெரிய பேரு ஒண்ணு இருக்கு சார். வேங்கடகிருஷ்ணமாச்சாரியார். அது அடுத்த பெட்டியைத் தள்ளுது. பேரை ரெண்டு வரியா உடைச்சுப் போட்டுடவா?" "ஐயையோ. உசிரோட இருக்கிற மனுஷன் பேரைக் கல்யாண மண்டபத்துல உடைக்கிறதா? நாப்பது வருஷமா நம்ம தலைமைச் சமையல்காரர்." "அப்போ பாதிப் பேரு போட்டு மூணு புள்ளி வெச்சிடலாம்." "புள்ளி வெச்சா இழுத்துக்கிட்டுக் கெடக்கிற மாதிரி இருக்கும் தம்பி. முழுசா வேணும், ஒரே வரியில வேணும், சமையக்கட்டும் வேணும். நீங்க கெட்டிக்காரர், பாருங்க." வைத்துவிட்டார். சிகாமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு மணியைப் பார்த்தான். மூன்று பத்து. ஆறு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தான், அப்படி நினைத்ததே பிடிக்கவில்லை.

திரையில் அந்த மூன்று பெட்டிகள். எல்லாமே பெட்டிதான், பக்கத்துக்குள் பெட்டி, பெட்டிக்குள் பெட்டி. பிரவுசர் ஒவ்வொரு பெட்டிக்கும் அகலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் வரையத் தொடங்கும். முதல் வருஷம் அவனைப் படுத்தியெடுத்தது இந்தக் கணக்கு. அகலம் முழுசு, நூறு சதவீதம் என்று எழுதுவான், உள்ளே எழுத்து சுவரில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் இடைவெளி கொடுப்பான், ஒரு கோடு போடுவான், பெட்டி திரையைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று ராத்திரி மண்டையை உடைத்துக்கொண்டபின்தான் புரிந்தது: சொன்ன அகலம் உள்ளே இருக்கிற சரக்குக்கு மட்டும்தான், இடைவெளியும் கோடும் அதற்கு மேலே தனி. கட்டிலை அளந்துவிட்டுக் கதவை விட்ட மாதிரி. எதுவுமே சொல்லாமல் விட்டால் பெட்டி சமர்த்தாக இருக்கும். தாய்ப்பெட்டியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதில் தன் இடைவெளிகளைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அப்படியே நிரப்பும். அகலம் எப்போதும் மேலிருந்து வருகிறது, திரையிலிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. உயரம் மட்டும் தலைகீழ். பிள்ளைகள் எவ்வளவு உயரமோ அதுதான் தாயின் உயரம். பிள்ளையில்லாத பெட்டி திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அகலமாகப் படுத்திருக்கும், உயரம் பூஜ்யம், இருப்பதே தெரியாது. இதை முதன்முதலில் கண்டுபிடித்த ராத்திரி, விடிந்ததும் வசுமதியிடம் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, சொல்லவில்லை. இன்னொரு காம்பை எடுத்தான். இலை ஈரமாக விரலில் ஒட்டியது.

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே அறை. அப்பா, அவன், தம்பி, அக்கா. அம்மா போனபிறகு அறையில் ஒரு ஆள் இடம் கூடியிருக்க வேண்டும், கூடவில்லை. அப்பா கையைக் காலை விரித்துப் படுக்க ஆரம்பித்தார். அக்கா கடைசியில் படுப்பாள், மிச்சம் இருக்கிற இடத்தில், வாசற்படியை ஒட்டி, முழங்காலை மடக்கிக்கொண்டு. அவனுக்குப் பதினேழு வயசில்தான், ரயில்வே ஆஸ்பத்திரியில் அவள் டைபாய்டில் கிடந்தபோது, அவள் எவ்வளவு உயரம் என்றே தெரிந்தது. கட்டிலின் இரும்புக் கம்பியைக் கால் தொட்டது. இது யார் என்று ஒரு நொடி திகைத்துப்போனான். யாரும் அவளை மடங்கிப் படு என்று சொன்னதில்லை. சொல்லாததுதான் விஷயம். எதுவும் சொல்லாமல் விட்டால் மிச்சத்தில் அடங்கிக்கொள்ளும். நல்ல பெட்டி. மண்டபத்துப் பக்கத்தில் இருக்கிற நடுப்பெட்டி அப்படி இல்லை, திமிர் பிடித்தது. வரிசையாக நிற்கிற பெட்டிகளில் ஒரு விதி: இடம் குறையக் குறைய எல்லாம் சுருங்கிக் கொடுக்கும், ஆனால் தன்னிடம் இருக்கிற மிக நீளமான சொல்லைவிடக் கீழே ஒரு பெட்டியும் சுருங்காது. உடைக்க முடியாத அந்த ஒரு சொல்தான் அதன் குறைந்தபட்ச அகலம். வேங்கடகிருஷ்ணமாச்சாரியார் நிற்கிற இடத்தில் யாரும் நெருக்க முடியாது. வேண்டுமானால் ஒரு வரி எழுதி அந்த மரியாதையையும் பிடுங்கிவிடலாம், குறைந்தபட்சம் பூஜ்யம் என்று. அப்போது பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் நசுங்கும், பெயர் வெளியே வழிந்து பக்கத்துப் பெட்டிமேல் கிடக்கும். அக்காவுக்கு யாரோ அந்த வரியை எழுதியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ.

அதிலும் நியாயமான ஒரு வகை உண்டு. சில பெட்டிகளுக்கு அகலம் கொடுப்பதற்கு முன்னால் பிரவுசர் இரண்டு கேள்வி கேட்கும். நெருக்கடி என்றால் குறைந்தது எவ்வளவு இருந்தால் பிழைப்பாய்? தடையே இல்லையென்றால், ஒரு வரியையும் மடக்காமல், முழுசாக நிற்க உனக்கு எவ்வளவு வேண்டும்? இரண்டு பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டு, கையில் இருக்கிற இடத்தையும் பார்த்து, நடுவில் ஒன்றைக் கொடுக்கும். முழுசுக்கு மேலே கொடுக்காது. பிழைக்கிற அளவுக்குக் கீழேயும் இறங்காது, தாய்ப்பெட்டியைத் தாண்டித் துருத்தினாலும் சரி. பத்து வருஷமாக இதைத் தெரிந்துதான் வைத்திருந்தான். பம்ப் சத்தத்தில் வாய்விட்டு ஒப்பித்துக்கூட இருக்கிறான். இன்றைக்கு ஏனோ அந்த இரண்டாவது கேள்வி, தொண்டையில் நெத்திலி முள் மாதிரி, விழுங்கினாலும் போகவில்லை. விரல்கள் கீரையை விட்டுவிட்டுத் தட்டெழுதிக்கொண்டிருந்தன. மண்டபத்துக்காரருக்கு வழி கிடைத்துவிட்டது: இடம் போதாவிட்டால் மூன்றாவது பெட்டி அடுத்த வரிக்கு இறங்கிக்கொள்ளட்டும் என்று ஒரு சொல் சேர்த்தான். சமையற்கட்டு கீழே இறங்கி, வரி முழுவதும் தனக்கே என்று கையைக் காலை நீட்டி உட்கார்ந்தது. மேலே பெயர் முழுசாக, உடையாமல். யாரும் யாரையும் தள்ளவில்லை. எத்தனை அழகு. பார்த்துக்கொண்டே இருந்தான், நெஞ்சு லேசானது, லேசானதன் காரணம் உடனே தெரிந்தது. அக்காவும் அப்படித்தானே. இங்கே ஃபிரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே நசுங்குவதைவிட அந்த இல்லத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு அறை, ஒரு வரி முழுக்க. அவளுக்கும் நல்லது. தூக்கமும் கெடாது, கிணறும் ஏறாது, கதவும் திறக்கும். இப்படிச் சொல்லிவிடலாம். ஆறு மணிவரை சும்மா இருந்தால் சொல்லக்கூட வேண்டாம். காப்பித் தம்ளரின் அடியில் பால் ஏடு காய்ந்து ஒட்டியிருந்தது, அதை நகத்தால் சுரண்டினான். சமையற்கட்டிடம் யாரும் கேட்கவில்லை, கீழே போகிறாயா என்று. அது பெட்டி, அதைக் கேட்க வேண்டியதில்லை. நாலு இருபத்தைந்து. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான்.

"என்னடா, தூங்கலியா?" அக்காவின் குரலுக்குப் பின்னால் வாளிகள், குழாய், பெண்பிள்ளைகளின் கூச்சல். "எழுந்துட்டேன். ஃபாரம் குடுத்துட்டியா?" "அஞ்சரைக்குக் கெளம்பினா போதும். ரெண்டு பொண்ணுங்க ஆட்டோல கூட வரேங்குதுங்க. ஒருத்தி அழுவுறா, ஒருத்தி ஆட்டோக்காரன்கிட்ட பேரம் பேசுறா. என்னமோ என்னைக் கட்டிக்குடுத்து அனுப்புற மாதிரி." "அக்கா, ஒண்ணு கேக்குறேன். போதும்னு மட்டும் சொல்லாத." "கேளு." "குறைஞ்சது என்ன வேணும்னு சொல்லிட்ட. பாய் விரிக்கிற இடம். சரி. முழுசா என்ன வேணும் உனக்கு? கெடைக்குமா கெடைக்காதாங்கறதை விடு. என்ன வேணும்?" "என்னடா இது, பூதம் வந்து வரம் குடுக்கிற மாதிரி கேக்குற. சாப்பிட்டியா நீ?" "சொல்லுக்கா." வாளிச் சத்தம் தள்ளிப் போயிற்று, எழுந்து எங்கேயோ நடக்கிறாள். ஒரு கதவு சாத்தப்பட்டது. வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். "தாப்பா," என்றாள். "என்னது?" "உள்பக்கம் தாப்பா இருக்கிற கதவு. வார்டன் ரூமைத் தாப்பா போடக்கூடாதுடா. எவளுக்கு எப்ப வயித்து வலி வரும், எவ எப்ப அழுதுக்கிட்டு ஓடி வருவான்னு தெரியாதில்ல. இருபத்தேழு வருஷமா கதவை வெறுமனே சாத்திட்டுத்தான் படுத்திருக்கேன். ஒரு நாள் மத்தியானம் தாப்பாளைப் போட்டுட்டு, யாரு தட்டினாலும் ஏன்னு கேக்காம கெடக்கணும். சிரிக்காத."

அவன் சிரிக்கவில்லை. "அந்த ஹோம்ல இருக்கா?" "பார்த்தேன். வெளிப்பக்கம்தான் இருக்கு. வயசானவங்க உள்ள தாப்பா போட்டுட்டு விழுந்து கெடந்தா யாரு கதவை உடைக்கிறதுங்கறாங்க. அவங்க கேக்குறதும் நியாயம்தானே." ஆக, அந்த முழு வரி அங்கேயும் இல்லை. சிகாமணி உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவுக்குப் பின்னால் அந்த இருட்டு அப்படியே இருந்தது, அவனுடைய இருட்டு. "எங்க உள் ரூம்ல இருக்குக்கா. உள்பக்கம். கொஞ்சம் இறுக்கும், தூக்கிப் போடணும்." "அது நீ தூங்குற ரூம்." "பகல்லதானே." "நான் கேட்டதும் பகல்லதான்டா." கறுப்புத் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு மேலே வந்து நின்றது, அசையாமல். அவன் அதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே சொன்னான்: "ஹால்ல படுத்துக்கறேன். அந்த ஜன்னலுக்கும் பேப்பர் ஒட்டினா ஆச்சு. கண்ணுல துணி கட்டிக்கறேன்." "உனக்குத் தூக்கம் வராது. ராத்திரி மிஷின்கிட்ட நிக்கிறவன்." "வராமப் போனா டூட்டி மாத்திக் கேப்பேன். கேட்டதே இல்ல இதுவரைக்கும்." சொன்னபிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது, பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "வசு என்ன சொன்னா?" "நான்தான் பேசணும்னா. உங்க அக்கா, நீங்க பேசுங்கன்னா." "அது சரின்னு அர்த்தமா?" "முழுசா சரின்னு இல்ல. வேணாம்னும் இல்ல. ஹால்ல படுக்கப்போறது அவளுந்தான். அவ வந்ததும் நானே சொல்றேன், அப்புறம் அவளே உன்கிட்ட பேசுவா." "ம். இன்னிக்கு நான் போகலேன்னா அந்த ரூம் போயிடும், புரிஞ்சுக்க. பின்னால ரெண்டு பேரும் முகத்தைத் தூக்கினா எனக்குன்னு எங்கயும் இல்ல." "தெரியும்." "தெரிஞ்சுதான் சொல்றியா?" "தெரிஞ்சுதான்கா." மறுபடி வாளிச் சத்தம். கதவைத் திறந்துவிட்டாள் போலிருக்கிறது. "ஏய் புள்ளைங்களா, ஆட்டோ வேணாம்னு சொல்லுங்கடி," என்று அங்கே யாரிடமோ கத்தினாள், பிறகு இவனிடம், "மொதல்ல சாப்பிடு," என்றாள், வைத்துவிட்டாள்.

நாலு முப்பத்தெட்டு. பெரிதாக ஒன்றும் நடந்துவிட்டதாகத் தெரியவில்லை. தெருவில் தண்ணீர் கேன்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். வசுமதி ஆறரைக்கு வருவாள். கட்டிலை யார் எங்கே போடுவது, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று அவள் ஆயிரம் கேட்பாள், கேட்கட்டும், அவளிடமும் இரண்டாவது கேள்வியைக் கேட்டதில்லையே என்று தோன்றியது. அதற்கு என்ன பதில் வருமோ என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஷிஃப்ட். சூப்பர்வைசரிடம் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று ஒன்றிரண்டு தடவை சொல்லிப் பார்த்தான், எதுவும் சரியாக வரவில்லை. லேப்டாப் தானாக அணைந்திருந்தது. பேப்பரில் பாதிக் கீரை இன்னும் காம்போடு கிடந்தது, வெயில் பட்ட ஓரத்தில் லேசாக வாடத் தொடங்கியிருந்தது. பேப்பரை நிழலுக்கு இழுத்துப் போட்டான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுத்த காம்பை எடுத்து, நுனியைப் பிடித்து, இலைகளை உருவினான்.